கூட நடந்தவள்!

ரிங் போனது.

செல்வராணி மொபைலைக் காதோடு அழுத்திக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

'எடுங்க... எடுத்து, "வாக்கிங்ல இருக்கேன் ராணி"ன்னு மூச்சு வாங்கிக்கிட்டே ஒரு புளுகு புளுகுங்க பாப்போம்!'

காலை வெயில் அப்போதுதான் உப்பளத்துப் பாத்திகளில் விழுந்து கண்ணைக் கூச வைத்தது. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு. தூரத்தில் துறைமுகத்து கிரேன்கள். நடுவே ஆள் அரவமில்லாத மண் பாதை.

ரிங் போய்க்கொண்டே இருந்தது.

அவள் காதில் மட்டுமல்ல...

பக்கத்தில் எங்கேயோ ஒரு நாதஸ்வரம்!

அவள் கணவன் முத்துச்செல்வத்தின் போன் ஒலிக்கும் அதே நாதஸ்வரம்!

ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துவிட்டு, சத்தம் வந்த பக்கம் நடந்தாள். பாதை ஓரத்து வாய்க்கால். அதன் கரையில்...

ஒரு பெண்.

குப்புறக் கிடந்தாள். ரோஸ் கலர் ஜெர்க்கின். தலையை மூடியிருந்த தொப்பியின் பின்பக்கம் மட்டும் ரோஸாக இல்லை. சிவப்பாக இருந்தது!

நாதஸ்வரம் அவள் இடுப்பிலிருந்த பைக்குள் வாசித்துக்கொண்டிருந்தது.

"ஆத்தீ...!"

செல்வராணியின் கை தானாகவே போனை அணைத்தது. நாதஸ்வரமும் நின்றது.

*

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன ஆப்பால் வந்தது.

பெயர், கால்காசு.

நடந்தால் பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்தால் மளிகைக் கடைக் கூப்பன், மருத்துவ இன்ஷூரன்ஸில் தள்ளுபடி, மாதம் ஒரு குலுக்கலில் தங்கக் காசு. இரண்டு பேர் ஜோடியாக நடந்தால் பாயிண்ட் டபுள்!

முத்துச்செல்வம் பாளை ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன். கல்லாவை விட்டு எழுந்திருக்க யோசிக்கிற உடம்பு. டாக்டர் சர்க்கரை என்றார். 'நடக்கல்லைன்னா கால் போயிரும்' என்றார். அதற்கெல்லாம் அசராத மனுஷன், நடந்தால் காசு வரும் என்று யாரோ சொன்ன மறுநாளே வெள்ளை ஷூ வாங்கிவிட்டான்.

செல்வராணிக்குச் சந்தோஷம்தான். அவளே அந்த ஆப்பின் 'குடும்ப வட்ட'த்தில் சேர்ந்துகொண்டாள். அவர் எங்கே நடக்கிறார் என்று மேப்பில் நீலப் புள்ளி காட்டும். தோசை வார்த்துக்கொண்டே அந்தப் புள்ளியைப் பார்ப்பாள். புள்ளி ஊர்ந்து போக, புருஷன் மேல் புதுசாக ஒரு பிரியம் கூட வந்தது.

ஒருநாள், நீலத்துக்குப் பக்கத்தில் ஒரு ரோஸ் புள்ளி.

மறுநாளும்.

அதற்கடுத்த நாளும்!

'இன்றைய ஜோடி: முத்துச்செல்வம் - ஜெயபிரியா' என்று கீழே பூ தூவிக் காட்டியது ஆப். ஜெயபிரியாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப் பூ படம்.

கேட்டே விட்டாள்.

"யாருங்க அந்த ஜெயபிரியா?"

"ஏளா, அது ஆப்பே சேத்து விடுதது. எனக்கு அவ மூஞ்சி கூடத் தெரியாது."

"மூஞ்சி தெரியாதவ கூடத்தான் தோளோட தோள் உரசிக்கிட்டு நடக்கியளோ?"

"பாயிண்ட் டபுள் ஆகுதுல்லா? அந்தக் கூப்பன்லதான நீ பாமாயில் வாங்குத!"

அன்றிலிருந்து அந்தப் பாமாயிலில் பொரித்த அப்பளம் கூட அவளுக்குக் கசந்தது. கண்ணாடியில் தன் இடுப்பைப் பார்ப்பாள். ரோஸ் புள்ளிக்கு இடுப்பு எப்படி இருக்கும் என்று நினைப்பாள். அவர் நின்றால் அந்த ஜெயபிரியாவும் நின்றாள். அவர் திரும்பினால் அவளும் திரும்பினாள். இருபது வருஷம் குடும்பம் நடத்தியும் தன்னால் அந்த மனுஷனோடு அப்படி ஒட்டி நடக்க முடிந்ததில்லையே!

இன்று காலை இரண்டு புள்ளிகளும் உப்பளத்துக்கு நடுவே போய் அசையாமல் நின்றன.

ரொம்ப நேரம் நின்றன!

கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்தால்...

*

செல்வராணி அந்தப் பெண்ணை மெல்லப் புரட்டினாள்.

சின்ன வயசு. களையான முகம். அந்த நிலைமையிலும் அவள் கண் முதலில் இடுப்பைத்தான் பார்த்தது. கொடி மாதிரி இருந்தது.

'இவதானா அந்த ஜெயபிரியா!'

அவர் போன் இவள் இடுப்பில். அவரைக் காணோம். அப்படியென்றால்... அடித்தது...?

பையின் ஜிப்பை இழுத்து, மேலாக இருந்த கணவனின் போனை உருவி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். ஸ்கூட்டரை நோக்கி ஓடினாள்.

பின்னால் ஒரு முனகல்!

"தண்ணி..."

செல்வராணி நின்றாள்.

உயிர் இருக்கிறது!

'இருந்தா எனக்கென்ன? என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டவ. வெயில் ஏறட்டும். உப்போட உப்பாக் காயட்டும்!'

ஸ்கூட்டரை நிமிர்த்தினாள். சாவியைத் திருகினாள். ஸ்டார்ட் ஆனது.

"யம்மா..."

அணைத்தாள்.

"சனியனே... உனக்கு நான் அம்மாவாடி?" என்று அழுதுகொண்டே திரும்பி வந்து, சீட்டுக்கடியில் இருந்த பாட்டிலைத் திறந்து அவள் உதட்டை நனைத்தாள். சேலைத் தலைப்பைக் கிழித்துத் தலையில் கட்டினாள். 108-க்குப் போன் போட்டாள்.

ஆம்புலன்ஸ் சைரன் மண் பாதையில் திரும்புகிற வரை இருந்தாள். அதற்கப்புறம் வேறு வழியாகப் பறந்தாள்.

*

முத்துச்செல்வம் வழக்கத்தை விடத் தாமதமாக வந்தான். சட்டை நனைந்திருந்தது. முகத்தில் பேயறைந்த களை.

"காப்பி கொண்டா ராணி. இன்னைக்கு ஓவரா நடந்துட்டேன். கால் ரெண்டும் விண் விண்ணுன்னு தெறிக்கி."

"போன் எங்க?"

"போனா? அது... வழியில எங்கயோ தவறிட்டு. தேடித் தேடிப் பாத்தேன்..."

செல்வராணி ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போனை எடுத்து டைனிங் டேபிளில் டொக்கென்று வைத்தாள்.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது... இது எங்கன கெடச்சுது?"

"அவ இடுப்புல."

"எவ இடுப்புல?"

"உப்பளத்துல மண்டை பொளந்து கெடந்தாளே, அவ இடுப்புல! சொல்லுங்க... ஏன் அடிச்சிய? கட்டிக்கச் சொன்னாளா? வீட்டுல வந்து சொல்லிருவேன்னு மெரட்டினாளா?"

"ஐயோ, நான் எவளையும் அடிக்கல்லளா! நான் அங்கனயே போகல்ல!"

"போகாதவரு போன் எப்படிங்க போச்சு? அதுக்குக் கால் மொளச்சுதா?"



வாசலில் ஜீப் வந்து நின்றது.

*

இன்ஸ்பெக்டர் செண்பகத்துக்கு நாற்பதுக்கு மேல் வயசிருக்கும். ஸ்டேஷனில் தன் மேஜை மேல் டீ கிளாஸை வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த முத்துச்செல்வத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணாச்சி, தினமும் நடந்துமா இந்தத் தொப்பை?"

"மேடம், நான் ஒண்ணும் செய்யல்ல..."

"கால்காசு ஆப் வேற மாதிரி சொல்லுதே. அந்தப் பொண்ணு அடிபட்ட இடத்துல உங்க புள்ளி நின்னிருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு அங்கனருந்து கிளம்பி, நேரா உங்க வீட்டுக்கு வந்திருக்கு. உங்க கூட இருந்த ஜெயபிரியாங்கிற புள்ளி அங்கயே கெடந்திருக்கு. நான் என்ன நெனைக்கட்டும்?"



அவரைக் காப்பாற்றத்தான் போனை எடுத்து வந்தாள். அந்தப் போனே அவரைக் குற்றவாளியாக்கி வீடு வரைக்கும் கூட்டி வந்திருக்கிறது!

"மேடம்!" என்றாள். "அவுக கொண்டு வரல்ல. நான்தான் அந்தப் பிள்ளை இடுப்புலருந்து போனை எடுத்துட்டு வந்தேன்."

செண்பகம் சிரித்தாள். "தெரியும். 108-க்குப் பேசினது உங்க நம்பர். நீங்களா எப்பச் சொல்லுவியன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்." சிரிப்பு நின்றது. "இப்ப அடுத்த கேள்வி. புருஷன் கூட ஒட்டி ஒட்டி நடக்கிறவளைத் தேடி உப்பளத்துக்குப் போயிருக்கீங்க. அவ மண்டை உடஞ்சு கெடக்கா. அடிச்சது நீங்கதானா?"

"நானா...! நான் அவ வாயில தண்ணி ஊத்துனவ மேடம்!"

"அடிச்சுட்டு மனசு மாறித் தண்ணி ஊத்துனவளையும் நான் பாத்திருக்கேன்."

செல்வராணி கணவனைப் பார்த்தாள். "என்னங்க... நீங்க காலையில எங்கன இருந்தியன்னு சொல்லுங்களேன்! அங்கன நீங்க போகல்லைன்னா யாரு கூடவோ இருந்திருப்பியல்லா? சொன்னா ரெண்டு பேரும் தப்பிச்சுக்கிடலாம்!"

முத்துச்செல்வம் தரையைப் பார்த்தான்.



அப்போது வாசலில் ஒரு கூச்சல்!

"எங்க அவன்? எங்க அந்த முத்துச்செல்வம்?"

இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும், கழுத்தில் ஷிப்பிங் கம்பெனி அடையாள அட்டையுமாக ஒருவன் உள்ளே பாய்ந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"மேடம், என் பேரு விஜயராஜ். ஜெயபிரியா புருஷன். என் பொண்டாட்டியை இவன் கொன்னுட்டான் மேடம்! வாக்கிங் வாக்கிங்னு மயக்கி, கூட்டிட்டுப் போய்க் கொன்னுட்டான்!"

"உக்காருங்க. எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"ஆப்புல பாத்தேன் மேடம். ரெண்டு மாசமாப் பாத்துட்டு இருக்கேன்! இவன் புள்ளியும் அவ புள்ளியும் அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டுத் திரியும். ஆபீஸ்ல உக்காந்தா ஃபைல் தெரியாது, அந்த ரெண்டு புள்ளிதான் தெரியும். ராஸ்கல்!"

செல்வராணிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் வயிற்றில் எரிந்த அதே நெருப்பு, இன்னொரு வயிற்றில்!

"இன்னைக்கு அவ புள்ளி உப்பளத்துலயே நின்னிச்சு, இவன் புள்ளி மட்டும் தப்பிச்சு ஓடிச்சு. இவன்தான் பின்னாலருந்து அடிச்சிருக்கான் மேடம்!"

"பின்னாலருந்தா?" செண்பகம் டீ கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "அதையும் ஆப் காட்டிச்சா?"

விஜயராஜ் கழுத்து அட்டையைத் திருகினான். "இல்ல... வெளிய பேசிக்கிட்டாங்க..."

"சரி. இன்னொண்ணு. வந்ததுலருந்து பாக்கேன். பொண்டாட்டி உசுரோட இருக்காளா, எந்த ஆஸ்பத்திரின்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கல்லையே! செத்துட்டான்னு அவ்வளவு நிச்சயமா?"

"அது... அது..."

"டேவிட்சன்! அந்தம்மாவை உள்ள கூட்டிட்டு வாரும்!"

ஏட்டு டேவிட்சன் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

உள்ளே வந்தாள் ஒருத்தி. மெருகூட்டிய முகம். பச்சை சுடிதார். தலையில் காயமில்லை. ஒரு கீறல் கூட இல்லை.

விஜயராஜ் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான்.

"ஜெயா... நீயா! நீ எப்படி...! உன்னை நான்... உன் மண்டையில நான்...!"

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

லேட்!



"முடிச்சிருங்க சார்," என்றாள் செண்பகம். "உன் மண்டையில நான்...?"

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உடைந்து அழுதான்.

"தாங்க முடியல மேடம்... புள்ளியைப் பிடிச்சுக்கிட்டே போனேன். ரோஸ் ஜெர்க்கின்... நான் வாங்கிக் குடுத்த ஜெர்க்கின்! அதைப் போட்டுக்கிட்டு அவன் கூட நடக்காளேன்னு... வழியில கெடந்த கம்பியை எடுத்து... திரும்பிக் கூடப் பாக்கல மேடம், அவன் எங்கன்னும் பாக்கல. ஓடி வந்துட்டேன்."

"அப்ப..." என்றாள் செல்வராணி. "அங்கன அடிபட்டுக் கெடந்தவ யாரு?"

செண்பகம் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். இடுப்புப் பை ஒன்றை எடுத்து மேஜையில் கவிழ்த்தாள்.

போன்கள்! கறுப்பு, வெள்ளை, சிவப்பு, கண்ணாடி உடைந்தது, பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியது...

"அவ பேரு சந்தனச்செல்வி. காலேஜ்ல ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்குன பிள்ளை. வேலை கெடைக்கல்ல. ஊர்ல நடக்க சோம்பேறித்தனப்படுற பெரிய மனுஷங்க போனையெல்லாம் வாங்கி இடுப்புல கட்டிக்கிட்டு, அவங்களுக்குப் பதிலா இவ நடக்கா. ஆளுக்கு மாசம் இவ்வளவுன்னு வாடகை. பாயிண்ட் அவங்களுக்கு. யாரும் பாத்துரக் கூடாதுன்னுதான் உப்பளப் பக்கம் போறது. ஜெயபிரியா போன்ல இருந்த அட்ரஸுக்கு டேவிட்சனை அனுப்பினேன். செத்துப் போனவங்களே வந்து கதவைத் திறந்து, இந்தக் கதையெல்லாம் சொன்னாங்க!"

செல்வராணி கண்ணை இமைக்காமல் அந்தப் போன்களைப் பார்த்தாள்.

நீலமும் ரோஸும் ஒட்டி நடந்தது... ஒரே இடுப்பில் இருந்ததாலா?

தோளோடு தோள் இல்லை. போனோடு போன்!

"அப்ப நீங்க... நடக்கவே இல்லையா?"

முத்துச்செல்வம் தலையைச் சொறிந்தான். "மன்னிச்சிரு ராணி. காலையில பழைய துறைமுகம் பக்கம் ஒரு கடையில உக்காந்து... உளுந்த வடை தின்னுக்கிட்டு இருந்தேன். உனக்குத் தெரிஞ்சா வைவியேன்னு சொல்லல்ல."

"வடையா!"

"ரசவடை கூட."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சர்க்கரைக்காரர் திருட்டுத்தனமாக வடை தின்றிருக்கிறார். தின்னட்டும்! கடையையே வாங்கித் தின்னட்டும்!

அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ரெண்டு மாசமாக அவள் நெஞ்சைப் பிராண்டிக்கொண்டிருந்த பூனை, சுருண்டு படுத்துவிட்டது.

"நீங்க எங்கம்மா இருந்தீங்க?" செண்பகம் ஜெயபிரியாவைக் கேட்டாள்.

"ஃப்ரெண்ட் வீட்டு மாடியில மேடம். காப்பி குடிச்சுக்கிட்டு. எனக்கும் நடக்கப் பிடிக்காது."

செல்வராணிக்கு அவள் மேல் கூட இரக்கம் வந்தது. பாவம், ஒரு பாவமும் அறியாதவள்! முத்துச்செல்வமும் அவளும் ஒருவரையொருவர் ஒரு தடவை கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதுவே போதாதா, முன்பின் தெரியாதவர்கள் என்பதற்கு?

விஜயராஜைக் கம்பிக்குப் பின்னால் தள்ளிப் பூட்டினார் டேவிட்சன்.

மேஜையில் செண்பகத்தின் போன் அடித்தது.

"சொல்லும்மா... கண்ணு முழிச்சுட்டாளா? பேசுதாளா? குடு... ஸ்பீக்கர்ல போடுதேன், நாலு பேர் முன்னால சொல்லட்டும்."

ஆஸ்பத்திரியிலிருந்து சந்தனச்செல்வியின் குரல் நூலாக வந்தது.

"மேடம்... யாரு அடிச்சான்னு நான் பாக்கல்ல..."

"அவன் மாட்டிக்கிட்டான். நீ கவலைப்படாத. அந்த ரோஸ் ஜெர்க்கின் உனக்கு ஏது?"

"ஜெயபிரியா அக்கா குடுத்தாவ மேடம். பனியில நடக்கியேன்னு. ரொம்ப நல்ல மனசு. அவுக வீட்டுக்காரரும் தங்கமான மனுஷன்."

"விஜயராஜா?"

"அது யாரு மேடம்? நான் முத்துச்செல்வம் அண்ணாச்சியைச் சொல்லுதேன்!"

செல்வராணியின் மடியிலிருந்த கை சில்லிட்டது.

"ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்துதான் போனைக் குடுப்பாவ. நான் நடந்து முடிச்சு வர்ற வரைக்கும் கார்லயே பேசிக்கிட்டு இருப்பாவ. இவ்வளவு வருஷம் ஆகியும் புதுசாக் கல்யாணம் ஆனவுக மாதிரி... பாத்தாலே கண்ணு பட்டுரும். அவுககிட்டச் சொல்லிருங்க மேடம், போன் பத்திரமா இருக்கான்னு..."

செண்பகம் ஸ்பீக்கரை மெதுவாக அணைத்தாள்.

முன்பின் தெரியாதவர்கள் என்றால் ஒரு தடவையாவது ஏறிட்டுப் பார்த்திருப்பார்களே என்பது செல்வராணிக்கு இப்போதுதான் உறைத்தது!

ஜெயபிரியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு உறுமல் கேட்டது.

செல்வராணி தன் மடியிலிருந்த கையை, ஈரத் துணியை எடுப்பது போல இரண்டு விரலால் எடுத்து அப்புறம் வைத்தாள். எழுந்தாள். சேலையை உதறி இடுப்பில் செருகினாள்.

"உளுந்த வடை," என்றாள்.

"ராணி... நான் சொல்லுதத..."

"ரசவடை கூட."

"ஏளா, எல்லாரும் பாக்காங்க..."

"இங்கன ஒண்ணும் பேச வேண்டாம்ங்க." அவள் குரல் அவ்வளவு சாந்தமாக இருந்ததுதான் பயங்கரம்! "வீட்டுக்கு வாங்க. நடந்தே போவோம். ஜோடியா!"

வீட்டுச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வாசலுக்குப் போய் நின்றாள்.

முத்துச்செல்வம் நகரவில்லை. நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. மேஜை மேல் குனிந்து, செண்பகத்துக்கு மட்டும் கேட்கிற குரலில் கெஞ்சினான்.

"மேடம்... பொய்யான தகவல் குடுத்தேன், போலீஸை ஏமாத்தினேன், ஏதாவது ஒரு கேஸ் போட்டு என்னை இங்கனயே வச்சுக்கிட மாட்டியளா? கோடி புண்ணியம் உங்களுக்கு!"

"தாராளமா வச்சுக்கிடலாம் அண்ணாச்சி!" என்ற செண்பகம் சாவிக்கொத்தை டேவிட்சனிடம் வீசினாள். "ஆனா ஸ்டேஷன்ல இருக்கிறது ஒரே லாக்கப்பு... விஜயராஜ் சார் கொஞ்சம் தள்ளி உக்காந்து இடம் குடுப்பாரான்னு கேட்டுக்கிடுங்க!"